ஒரு பாட்டு 13 மீட்டர்

என் அக்காவின் கேசட்டில் 13 பாட்டு. அவள் போனில் இருக்கிற பட்டியலில் 214. இரண்டுக்கும் ஒரே பேர்தான்: ‘என் பாட்டு’. கேசட் அட்டையில் அது நீல மையில், கொஞ்சம் சாய்ந்த எழுத்தில் இருக்கிறது. போனில் அவள் மகள் தட்டிக் கொடுத்தது. “லிஸ்டுக்கு என்ன பேர் போடட்டும்மா?” என்று கேட்டதற்கு அக்கா யோசிக்கக்கூட இல்லையாம். முதல் பட்டியல் 1988-ல் போட்டது, இரண்டாவது 2019-ல். நடுவில் ஒரு கல்யாணம், இரண்டு பிள்ளைகள், மூன்று வாடகை வீடு, எத்தனையோ டேப் ரெக்கார்டர்.

போன பொங்கலுக்கு வெள்ளையடிக்க காத்திவாக்கம் வீட்டுப் பரணைக் காலி செய்தபோதுதான் கேசட் கைக்குக் கிடைத்தது. டி.டி.கே. 60. மூடியில் ஒரு காது உடைந்திருந்தது. திருகாணி நான்கிலும் துரு. எங்கள் ஊரில் துருப் பிடிக்காதது எது? கிழக்கே கடல், வடக்கே முகத்துவாரம், நடுவில் நாங்கள். ஜன்னல் கம்பியைத் தின்கிற உப்புக் காற்று கேசட் திருகாணியை மட்டும் விட்டுவைக்குமா? ஆனால் உள்ளே ரீல் சுத்தமாக இருந்தது. அன்று சாயங்காலம் அக்கா ஒரு கையில் அதையும் மறுகையில் போனையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் என்ன என்று தோன்றியது. பழசு உசத்தி என்று முடிவுகட்டிக்கொண்டு இதில் இறங்கவில்லை. இறங்கிய பிறகு, வேறு ஒரு இடத்தில்தான் வந்து நின்றேன்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். காத்திவாக்கம் தனி நகராட்சியாக இருந்து 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. அப்பா அசோக் லேலண்டில் ஷிப்ட் வேலை. எதிர்வீட்டு மாமா அனல்மின் நிலையத்தில். 450 மெகாவாட் நிலையம் அது. 1970-ல் ஓட ஆரம்பித்து 2017-ல் நின்றது. ஊருக்கெல்லாம் கரண்ட் தயாரித்த புகைபோக்கியின் நிழலிலேயே நாங்கள் கரண்ட் கட்டில் உட்கார்ந்திருப்போம். அப்போது பேட்டரி போட்டுக் கேட்போம். பேட்டரி இறங்க இறங்க எஸ்.ஜானகியின் குரல் மெல்ல இழுபட்டு ஆம்பிளைக் குரலாகிவிடும். நைட் ஷிப்ட் முடித்து வந்த ஆள் தூங்குகிற வீட்டில் பகல் பூராவும் பாட்டு முணுமுணுப்பாகத்தான் ஓடவேண்டும். தெருவில் ஏதோ ஒரு வீட்டில் யாராவது தூங்கிக்கொண்டேதான் இருப்பார்கள். எங்கள் தெருக்காரர்களுக்கு, சத்தம் குறைவாக வைத்துப் பல்லவிக்கு முன்னால் வரும் நாலு தட்டிலேயே பாட்டைக் கண்டுபிடிக்கிற காது வாய்த்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பாட்டைப் பதிவு செய்துகொள்ள திருவொற்றியூர் போகவேண்டும். தேரடிப் பக்கம் ஒரு சந்தில் கடை. எட்டுக்குப் பத்து இருக்கும். மூன்று சுவரிலும் எல்.பி. ரெக்கார்டுகள் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும். மேசையில் ஒரு ரெக்கார்டு பிளேயர், இரண்டு டெக், பச்சையும் சிவப்புமாக விளக்கு குதிக்கிற ஆம்ப். கேசட்டைத் தனியாக வாங்கிக் கொடுக்கலாம், கடையிலேயும் வாங்கலாம். பதிவுக்குத் தனிக் கூலி. தடித்த நோட்டு ஒன்று இருக்கும். படப் பேர்கள் அகர வரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு ரெண்டு நாள் கழித்துப் போகவேண்டும். அப்போது தமிழ்நாட்டில் பேர் சொல்லக்கூடிய ஊர் எதிலும் இப்படி ஒரு ரெக்கார்டிங் சென்டர் இல்லாமல் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

மேலை நாட்டுக்காரர்கள் இதை வீட்டிலேயே செய்தார்கள். நிக் ஹார்ன்பி 1995-ல் எழுதிய ‘ஹை ஃபிடெலிட்டி’ நாவலில், தான் விரும்பும் பெண்ணுக்காக கேசட்டில் பாட்டுக் கோப்பதைப் பெரிய வித்தையாகவே பேசுகிறவன் ஒருவன் வருகிறான். அவனிடம் ரெக்கார்டுகள் இருந்தன, டெக் இருந்தது, ராத்திரி இருந்தது. எங்களிடம் இருந்தது சவுதியிலிருந்து மாமா கொண்டுவந்த ஒரு டூ-இன்-ஒன். எல்.பி. ரெக்கார்டைக் கையால் தொட்டவர்கள் எங்கள் தெருவில் ஒருவரும் கிடையாது. பாட்டுத் தொகுப்பு கடைக்காரருடையது. அதிலிருந்து எடுக்கிற தேர்வு மட்டும் நம்முடையது. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவேன்.

பட்டியல் போடுவது என்பது கழித்தல் கணக்கு. 60 கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிஷம். அன்றைய சினிமாப் பாட்டு சுமாராக நாலரை நிமிஷம். ஆறு பாட்டு போட்டால் மூன்று நிமிஷம் மிச்சம், ஏழு போட்டால் கடைசிப் பாட்டின் வால் அறுந்துவிடும். 90 வாங்கலாம்தான். ஆனால் அதில் ரீல் மெலிசு, சிக்கிக்கொள்ளும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். பிலிப்ஸ் நிறுவனத்தின் லூ ஓட்டன்ஸ் குழு 1963-ல் வெளியே கொண்டுவந்த அந்தப் பெட்டியில் ரீல் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும். நான் இப்போதுதான் பெருக்கிப் பார்த்தேன். நாலரை நிமிஷப் பாட்டு ஏறக்குறைய 13 மீட்டர். இரண்டு புடவையின் நீளத்துக்கும் மேலே. ஒரு பக்கம் முழுசும் 85 மீட்டரைத் தாண்டும். அக்கா அந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. ஆனால் துணிக்கடையில் முழம் போடுகிற மாதிரிதான் அன்று உட்கார்ந்திருந்தாள். ரூல்டு நோட்டு நடுப்பக்கத்தைக் கிழித்து முப்பது பாட்டு எழுதினாள். மறுநாள் அதில் எட்டை அடித்தாள். அதற்கு மறுநாள் நாலு. ‘சிந்து பைரவி’யா ‘சலங்கை ஒலி’யா என்று ஒரு வாரம் ஓடியது. ‘மூன்றாம் பிறை’ அடிபட்டு, திரும்ப எழுதப்பட்டு, மறுபடி அடிபட்டது. அந்தத் தாளைப் பார்த்தவர்களுக்கு, அவளுக்குப் பிடித்தது எது என்பதைக் காட்டிலும், எதை விடமுடியாமல் விட்டாள் என்பதுதான் தெளிவாகத் தெரிந்திருக்கும்.

போனில் இருப்பது கூட்டல். ஒரு பாட்டு காதில் விழுந்தது, பிடித்தது, இதயக் குறியைத் தொட்டாள், சேர்ந்துவிட்டது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பட்டியலில் பத்தாயிரம் பாட்டு வரை அடங்கும். பத்தாயிரம் பாட்டை ஒருமுறை கேட்டு முடிக்கவே ராத்திரி பகலாக ஒரு மாதம் பிடிக்கும். அந்த எல்லை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? அக்கா தன் 214-ல் எதையாவது எடுத்திருக்கிறாளா என்று கேட்டேன். “எதுக்குடா எடுக்கணும்? அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றாள். முதல் தாளை ஒரு கடிதம் என்று சொன்னால், இதைப் பலசரக்குக் கடைக் கணக்கு நோட்டு என்று சொல்லலாம். நோட்டைக் குறைத்துப் பேசவில்லை. எந்த மாதம் எந்தப் பாட்டு சேர்ந்தது என்று தேதியோடு நிற்கிறது. 2020 ஏப்ரலில் மட்டும் ஐம்பது பாட்டுக்கு மேல். ஊரடங்கு. அதே வருஷம் செப்டம்பர் கடைசியில் வரிசையாக எஸ்.பி.பி. 25-ஆம் தேதி அவர் போனார். கேசட்டுக்கு இந்த ஞாபகசக்தி கிடையாது. அதற்கு ஒரே தேதிதான்.

கடைக்காரர் வெறும் ரெக்கார்டு வைக்கிற ஆள் மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. அவர்தான் அந்தத் தாளின் முதல் வாசகர். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு படிப்பார். “தம்பி, ஒரே பாடகியை மூணு தடவை அடுத்தடுத்துப் போட்டா காது மரத்துப் போய்டும். நடுவுல ஜேசுதாஸ் ஒண்ணு விடு.” படத்தின் பேர் தெரியாவிட்டால் முனகிக் காட்டச் சொல்வார். வெட்கப்பட்டுக்கொண்டு முனகினால், ரெண்டாவது வரிக்குள் அலமாரியில் கை போகும். இப்போது கூகுளிடம் முனகினால் அதுவும் கண்டுபிடிக்கிறது, 2020 அக்டோபரிலிருந்து. நான் முனகிப் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னது. ஆனால் “இதையா இவ்ளோ நாள் கேக்காம இருந்தே?” என்று கேட்கவில்லை.

மிச்சமான மூன்று நிமிஷத்தை நிரப்புவதில்தான் அவருடைய கைவரிசை. அக்காவின் கேசட்டில் முதல் பக்கம் ஆறு பாட்டு முடிந்ததும், கேட்காமலேயே, இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பிலிருந்து வி.எஸ்.நரசிம்மனின் வயலின் கொஞ்சம் வரும். வந்துகொண்டே இருக்கும்போது ரீல் தீர்ந்து ‘டக்’. 1986-ல் வந்த அந்தத் தொகுப்பை நாங்கள் கேள்விப்பட்டதே அந்த மூன்று நிமிஷத்தால்தான். பேர் கூடத் தெரியாது. ‘மிச்ச வயலின்’ என்றுதான் வீட்டில் சொல்வோம். காலி இடத்தை நிரப்ப ஒருவர் தன் ரசனையை இலவசமாக வைத்துவிட்டுப் போனார். போனிலும் பட்டியல் தீர்ந்தால் தானாகவே வேறு பாட்டு வருகிறது. ஏற்கெனவே கேட்டதைப் பார்த்து, அதே ஜாடையில் இன்னொன்று. அதில் அக்காவுக்குப் புதிதாகச் சில நல்ல பாட்டு கிடைத்ததை மறுக்கவில்லை. ஆனால் சினிமாப் பாட்டு மட்டுமே கேட்ட ஒரு வீட்டுக்கு, கேட்காமலேயே வயலின் போட்டுவிடுகிற துணிச்சலை நான் இன்னும் அதில் பார்க்கவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு காலம் இருந்தது. அதை வேகமாகக் கடந்துவிடலாம். எம்பி3 சிடி வந்தது, ஒரு தட்டில் நூற்றைம்பது பாட்டு. பிறகு செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்கள். நாலு ஜிபி என்றால் எண்ணூறு பாட்டுக்கு இடம். கடைப் பையன் ‘ராஜா ஹிட்ஸ்’, ‘சோகம்’, ‘குத்து’ என்று ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடுவான். அதில் பட்டியலே இல்லை, வண்டிச் சரக்குதான். அக்கா, அண்ணன், நான் என்று எங்கள் மூன்று பேர் கார்டிலும் ஒரே எண்ணூறு பாட்டு இருந்தது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். பாட்டு மொத்தமாக நம் கையில் இருந்தது அந்தச் சில வருஷங்கள்தான். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் கார்டைத் தேடுவார் இல்லை.

இப்போது முன்னே சொன்ன அந்த வரிக்கு வருகிறேன். தொகுப்பு ஒருவருடையது, தேர்வு நம்முடையது. கேசட் கடையும் அப்படித்தான், இன்றைய செயலியும் அப்படித்தான். இந்த வகையில் அவை இரண்டும் அண்ணன் தம்பி. நடுவில் வந்த மெமரி கார்டுதான் வேற்றாள். வேறுபாடு எங்கே என்றால், வீட்டுக்கு எது வருகிறது என்பதில். அன்று பட்டியல் எழுதிய தாள் கடையிலேயே தங்கிவிட்டது. கடைக்காரர் அதைக் கம்பியில் குத்தி வைப்பார், பிறகு குப்பைக்குப் போகும். பாட்டு வீட்டுக்கு வந்தது. இன்று பட்டியல் நம்மிடம் இருக்கிறது. பாட்டு அவர்களிடமே இருக்கிறது.

இதன் பொருள் என்ன என்பது ஒரு நாள் காலையில் தெரிந்தது. அக்காவின் பட்டியலில் பதினோரு பாட்டு சாம்பல் நிறமாகிக் கிடந்தன. தொட்டால் ஓடவில்லை. பேர் இருக்கிறது, படம் இருக்கிறது, பாட்டு இல்லை. எந்தச் செயலி என்பது இங்கே முக்கியமில்லை, எதிலும் நடக்கக்கூடியதுதான். ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. இரண்டே மாதத்தில் உரிமத் தகராறு டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், சரிகமாவின் பாட்டுகள் எடுக்கப்பட்டன. சரிகமா என்றால் பழைய எச்.எம்.வி. எம்.எஸ்.விஸ்வநாதனும் டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் பெரும்பாலும் அந்த அலமாரியில்தான். 2020-ல் ஒப்பந்தம் ஆன பிறகே திரும்ப வந்தன. அன்று கழித்தவள் அக்கா. இன்று அவள் கூட்டிக்கொண்டே போகிறாள், கழிக்கிற வேலையை வேறு யாரோ வேறு எங்கோ உட்கார்ந்து செய்கிறார்கள்.

அப்படியானால் கேசட் யோக்கியமா? இல்லை. அந்தக் கடை நடத்தியது சட்டப்படி திருட்டு. 1957-ன் பதிப்புரிமைச் சட்டம் இருந்தது. 1984-ல் அதைத் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள், தயாரித்தவர் பேரும் விலாசமும் கேசட்டில் இருந்தாகவேண்டும் என்றார்கள். எங்கள் கேசட்டில் இருந்த ஒரே விலாசம் கடையின் ரப்பர் ஸ்டாம்ப். வாலிக்கோ வைரமுத்துவுக்கோ அந்த 13 பாட்டால் ஒரு காசு போயிருக்காது. பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும், எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும் பங்கு உண்டு என்பதைச் சட்டம் உறுதியாகச் சொன்னதே 2012 திருத்தத்தில்தான். செயலி கொடுப்பது சொற்பம் என்று கலைஞர்கள் புலம்புவது நியாயம். ஆனால் பூஜ்யத்தைவிடச் சொற்பம் பெரிது.

பழசைக் கொண்டாடுகிறவர்கள் பேசாத இன்னொரு சங்கதி. அந்தக் கடைக்கு அக்கா போனதே இல்லை. பத்தொன்பது வயசுப் பெண் திருவொற்றியூர் சந்தில் ஆம்பிளைப் பையன்கள் கும்பலாக நிற்கிற கடைக்குப் போய் ‘இந்தப் பாட்டு வேணும்’ என்று கேட்கிற வழக்கம் எங்கள் தெருவில் இருக்கவில்லை. காதல் பாட்டாக வேறு இருக்கும். தாளை மடித்து அண்ணன் கையில் கொடுத்தாள். நான் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். எர்ணாவூரில் டீ குடிக்க நிறுத்தினான். கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு தாளைப் பிரித்தான். படித்துக்கொண்டே வந்தவன், ரெண்டாம் பக்கத்தில் மூன்றாவதாக இருந்த ‘ஜானி’ பாட்டில் நின்றான். ஸ்ரீதேவி மேடையில் பாடுவதாக வருமே, ஜானகி பாடியது. “இது பழசு. எண்பதுல வந்த படம். இன்னும் இதையே கேட்டுக்கினு” என்று சொல்லி, டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி அடித்தான். அதற்கு மேல் ‘அக்னி நட்சத்திரம்’ என்று எழுதினான். அந்தப் படத்தில் இளையராஜாவே பாடிய ஆட்டப் பாட்டு. படம் அந்த வருஷம்தான் வந்திருந்தது, அவன் ஏற்கெனவே நாலு தடவை பார்த்துவிட்டான். “போய்ச் சொல்லாதே” என்று எனக்கு ஒரு மசால் வடை வாங்கிக் கொடுத்தான். நான் சொல்லவில்லை.

கேசட் வந்த அன்று அக்கா அடுப்படியில் இருந்தாள். ரெண்டாம் பக்கம் மூன்றாவது பாட்டு ஆரம்பித்தபோது தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி டேப் ரெக்கார்டரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு தோசையைத் திருப்பிப் போட்டாள். அண்ணனை ஒன்றும் கேட்கவில்லை. கேசட்டின் முதுகில் இருக்கிற ரெண்டு சின்னக் காதை உடைத்துவிட்டால் அதன் மேல் யாரும் வேறு பாட்டு பதிய முடியாது. அன்று ராத்திரியே அவள் அதைத் தேங்காய் துருவியின் நுனியால் உடைத்துவிட்டாள். மிச்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்றுதான் இருக்கும்.

பீட்டர் மேனுவல் 1993-ல் எழுதிய ‘கேசட் கல்ச்சர்’ புத்தகம் வட இந்தியாவைப் பற்றியது. பெரிய கம்பெனிகளின் பிடியில் இருந்த இசையை மலிவான கேசட் எப்படிச் சின்னச் சின்ன ஊர்களுக்கும் வட்டாரப் பாடகர்களுக்கும் திறந்துவிட்டது என்று காட்டும். உண்மைதான். எங்கள் பக்கத்திலும் சாவு வீட்டுக் கானா கேசட்டுக்குக் கேசட் காப்பியாகித்தான் பரவியது. ஆனால் தேரடிக் கடையின் நோட்டில் கானாவுக்கு ஒரு பக்கம்கூட இருந்ததில்லை. எல்.பி.யில் வந்ததுதான் அவர் அலமாரியில் இருந்தது. வடசென்னைப் பையன் தன் தெருப் பாட்டைப் பட்டியலில் எழுதவே முடியாது. 2006-ல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன், 2012-ல் ‘அட்டகத்தி’யில் கானா பாலா என்று சினிமா கதவைத் திறந்த பிறகுதான் அந்தக் குரல் பெரிய பட்டியல்களுக்குள் வந்தது. இந்த விஷயத்தில் போனின் பக்கம்தான் நான் நிற்பேன். அக்கா மகளின் பட்டியலில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இருக்கிறது. ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ இருக்கிறது. 2017 ஜனவரியில் வந்தது அது. கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே.ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைத்து, டி.எம்.கிருஷ்ணா எண்ணூர் முகத்துவாரத்தில் சாம்பலுக்கும் சேற்றுக்கும் நடுவில் நின்று சென்னைத் தமிழில் பாடியது. எங்கள் கழிமுகம் ஒரு பாட்டுக்குள் வந்தது, அதை அந்தப் பெண் பத்து நொடியில் எடுத்துத் தன் பட்டியலில் வைத்துக்கொண்டாள். எந்தக் கடைக்காரரிடம் போய் இதைக் கேட்டிருக்க முடியும்?

அவள் பட்டியலை அண்ணன் யாரும் டீக்கடையில் திருத்தவும் முடியாது. அக்காவுக்கு இப்போது அந்தச் சுகம் தெரியும். விம்கோ நகர் வரை 2021-ல் மெட்ரோ வந்துவிட்டது. வேலைக்குப் போகிறபோது காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எதைக் கேட்கிறாள் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் வீட்டுக்குள்ளும் அப்படியே ஆகிவிட்டது. ஒரே ஹாலில் மூன்று பேர், மூன்று பாட்டு, சத்தமே இல்லை. அந்தக் காலத்து நைட் ஷிப்ட்காரர்கள் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள்.

வரிசையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விடமுடியாது. கேசட்டில் வரிசை கல்லில் வெட்டியது. தாண்டிப் போகலாம், ரீல் ஓட்டவேண்டும், எங்கே நிறுத்துவது என்று தெரியாது, பேட்டரி வீண். அதனால் பிடிக்காததும் சேர்த்தே கேட்போம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் நாலு நொடி ‘ஸ்ஸ்’ என்று ஓடும். அந்த நாலு நொடியில் அடுத்த பாட்டின் முதல் சுரம் மனசுக்குள் கேட்டுவிடும். இப்போதும் அந்தப் பாட்டுகளில் ஒன்று எங்காவது டீக்கடையிலோ அம்மன் கோயில் ஆடிக் கூழுக்குக் கட்டிய ரேடியோ செட்டிலோ முடிந்தால், எங்கள் மூன்று பேர் வாயிலும் ஒரே அடுத்த பாட்டுதான் வரும். போனில் ஷஃபிள் என்று ஒன்று இருக்கிறது. சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி 214-ஐயும் கலைத்துவிடும். எந்தப் பாட்டுக்கும் அடுத்த வீட்டுக்காரர் என்று யாரும் கிடையாது.

இரண்டாம் பக்கத்தின் ஏழாவது பாட்டு கேசட்டில் வால் அறுந்து நிற்கும். கடைசிச் சரணத்தின் நடுவில் ‘டக்’. அதே பாட்டு இப்போது அக்காவின் போனில் முழுசாக இருக்கிறது. பொங்கல் அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது ஓடியது. கேசட்டில் அறுபடுகிற அந்த இடம் வந்ததும், கூடத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். திருப்பிப் போட. பிறகுதான் உறைத்து, சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

அவள் பட்டியலைக் கீழே தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தேன். முதலில் இருப்பது ‘ஜானி’ பாட்டு. மகள் 2019-ல் செயலியை ஏற்றிக் கொடுத்த அன்றைக்கே, முதல் வேலையாக அதைத் தேடிச் சேர்த்திருக்கிறாள். முப்பத்தோரு வருஷம் கழித்து வாங்கிக்கொண்டாள், நல்லதுதான் என்று நினைத்தபடி அடுத்த வரியைப் பார்த்தேன். ‘அக்னி நட்சத்திரம்’. இளையராஜா பாடிய அதே ஆட்டப் பாட்டு. சேர்த்த தேதியும் அதே தேதி.

“இதை ஏன்கா வெச்சிருக்கே? அண்ணன் சொருவுனது தானே?”

முறத்தை ஒரு தட்டு தட்டினாள். “உனக்கும் தெரியுமாடா அது?” என்று கேட்டாள். நான் மசால் வடைக் கதையைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் சிரித்தாள்.

“அத்தினி வருஷம் அது அந்த எடத்துல வந்துக்கினு இருந்துது” என்றாள். “வரலைன்னா காது தேடுதுடா.”